ஒயரைப் பிடுங்குவதற்கு முன்னால்

மாலை ஆறரை மணி. நாமக்கல்லை ஒட்டிய ஒரு கோழிப்பண்ணையின் ஆபீஸ். வெளியே லாரியில் முட்டை ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே கணக்கு எழுதும் பெண், தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவித்த அன்றைய விலையைப் போட்டு ஒவ்வொரு பார்ட்டிக்கும் பில் அடித்துக்கொண்டிருந்தார். பதினொரு பில் முடிந்து பன்னிரண்டாவது பாதியில் இருக்கும்போது திரை அப்படியே நின்றுபோனது. மவுஸை எவ்வளவு இழுத்தும் அம்பு அசையவில்லை. டிரைவர் ஜன்னலோரம் வந்து, "ஆச்சுங்களா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணின் கை, யோசிக்காமலே மேசைக்கடியில் இருந்த ஸ்விட்ச் போர்டுக்குப் போனது.

பிரிண்டர் பார்ப்பதற்காக நான் அங்கே போயிருந்தேன். "கொஞ்சம் பொறும்மா, ஸ்விட்ச்சைத் தொடாதே" என்றேன்.

"எப்பவும் இப்படித்தானுங்ணா பண்றது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வந்துருமுங்க."

வந்துவிடும் என்பது பெரும்பாலும் உண்மைதான். அதனாலேயே அது பழக்கமாகிவிட்டது. ஆனால் வராமல் போன ஒரு நாளைப் பார்த்தவர்களுக்கு அந்த ஸ்விட்ச்சின் மேல் கை போகாது. ஒரு வருடக் கணக்குக் கோப்பு திறக்க மறுத்ததை நான் பார்த்திருக்கிறேன். சேலத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை ஒன்றில், வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே முடித்து வைத்த வடிவமைப்பு பூஜ்யம் அளவுள்ள கோப்பாக மாறிக் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுதான்: கணினி நின்றது, யாரோ ஒயரைப் பிடுங்கினார்கள்.

நாம் தட்டச்சு செய்வது எதுவும் நேராக ஹார்ட் டிஸ்க்குக்குப் போவதில்லை. முதலில் ராமில் உட்காருகிறது. ராம் கரண்ட் இருக்கும்வரைதான் நினைவு வைத்திருக்கும். 'சேவ்' கொடுத்த பிறகும்கூட உடனே டிஸ்க்கில் எழுதப்பட்டுவிட்டது என்று நம்பிவிட முடியாது. டிஸ்க்கில் எழுதுவது மெதுவான வேலை. அதனால் இயங்குதளம் எழுத வேண்டியவற்றைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு மொத்தமாக எழுதும். லினக்ஸின் வழக்கமான அமைப்பில், மாறிய தகவல் 30 நொடி வரைகூட ராமிலேயே காத்திருக்கலாம்.

முட்டை ஏற்றுகிற ஆளைப் பாருங்கள். ஒரு ட்ரேயில் முப்பது முட்டை. ட்ரே மேல் ட்ரேயாக மார்புக்கு அணைத்துத் தூக்கிக்கொண்டு பலகை மேல் ஏறுகிறார். கையில் இருக்கும் முட்டை குடோனிலும் இல்லை, லாரியிலும் இல்லை. அந்த நொடியில் பலகையை இழுத்துவிட்டால் கையில் இருப்பது உடையும். அவர் போய் விழுகிற இடத்தில் ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்ததும் சேர்ந்து உடையும். கரண்ட்டை வெட்டும்போது நடப்பது இதுதான். எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றால், அன்று நாம் தொடவே தொடாத கோப்புகளும் சிக்கிக்கொள்ளலாம். இன்றைய விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ்., லினக்ஸின் ஈ.எக்ஸ்.டி.4 ஆகிய கோப்பு முறைமைகள் இதற்கென்றே ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றன. செய்யப் போவதை அதில் எழுதிவிட்டுத்தான் செய்யும். பாதியில் நின்றாலும் அதைப் பார்த்து அட்டவணையைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் அது காப்பது அட்டவணையைத்தான். உங்கள் பில்லுக்குள் இருந்த எண்களுக்கு அது உத்தரவாதம் இல்லை.

ஆகவே, நின்றுபோன கணினியிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நில். அதை விசைப்பலகை வழியாகவே கேட்க முடியும்.

முதல் வேலை, இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. லாரி காத்திருக்கும்போது இது பெரிய கஷ்டம், எனக்குத் தெரியும். ஆனாலும் சிபியூ பெட்டியின் முன்பக்கம் உள்ள சின்ன டிஸ்க் விளக்கைப் பாருங்கள். அது விடாமல் மினுக்கினால் கணினி நிற்கவில்லை. ஏதோ வேலையில் மூச்சு முட்டிக் கிடக்கிறது. ராம் நிரம்பிவிட்டால் இப்படித்தான் ஆகும்: இடம் போதாமல் டிஸ்க்கையே ராம் போலப் பயன்படுத்தத் தொடங்கும், எல்லாம் ஆமை வேகத்துக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் பொறுமையிழந்து பத்து முறை கிளிக் செய்தால் அந்தப் பத்தும் வரிசையில் போய்ச் சேரும்.

அடுத்தது கேப்ஸ் லாக் சோதனை. விசையை ஒரு முறை தட்டுங்கள். விளக்கு எரிந்து, மறுபடி தட்டினால் அணைகிறதா? அப்படியானால் திரை உறைந்திருந்தாலும் இயங்குதளத்தின் அடிப்பாகம் நம் விசைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அணையவும் இல்லை, எரியவும் இல்லை என்றால், விசைப்பலகையின் யு.எஸ்.பி. ஒயரைக் கழற்றி வேறு துளையில் மாட்டிப் பாருங்கள். விசைப்பலகை மட்டும் போயிருந்த நாள்கள் உண்டு.

விளக்கு பதில் சொல்கிறது என்றால், சிறிய மருந்திலிருந்து தொடங்கலாம். ஆல்ட்டும் டேபும் சேர்த்து அழுத்தி வேறு சாளரத்துக்குப் போக முடிகிறதா? போக முடிந்தால் ஒரே ஒரு நிரல்தான் நின்றிருக்கிறது. மற்றவற்றில் சேவ் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுங்கள். பிறகு நின்ற நிரலுக்கு வந்து ஆல்ட் – எஃப்4. அது "மூடிக்கொள்" என்ற மரியாதையான வேண்டுகோள். நிரலுக்கு உயிர் இருந்தால் சேமிக்கவா என்று கேட்டுவிட்டுத்தான் மூடும். கேட்கவில்லை என்றால் கண்ட்ரோல் – ஷிஃப்ட் – எஸ்கேப். விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் நேராகத் திறக்கும். மவுஸ் வேலை செய்யாவிட்டாலும் அம்புக்குறி விசைகளால் கீழே இறங்கி, நின்ற நிரலைத் தேர்ந்து, டெலீட் அழுத்தினால் அது மட்டும் முடிவுக்கு வரும். அந்த நிரலில் சேமிக்காதது போகும், மற்றவை பிழைக்கும்.

அன்று முட்டை ஆபீஸில் இதுதான் கைகொடுத்தது. விளக்கு எரிந்து அணைந்தது. கண்ட்ரோல் – ஷிஃப்ட் – எஸ்கேப் அழுத்திவிட்டு அந்தப் பெண்ணும் நானும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். டாஸ்க் மேனேஜர் வர முக்கால் நிமிடம் ஆனது. பிரவுசரில் காலையிலிருந்து திறந்து வைத்த பக்கங்கள் எல்லாம் சேர்ந்து ராமை விழுங்கியிருந்தன. பிரவுசரை மட்டும் முடித்தோம். மவுஸ் அம்பு ஒரு தடவை துள்ளிவிட்டு நகர்ந்தது. பன்னிரண்டாவது பில் பாதியில் விட்ட இடத்திலேயே நின்றிருந்தது.

டாஸ்க் மேனேஜரும் வராவிட்டால் கண்ட்ரோல் – ஆல்ட் – டெலீட். இந்த மூன்று விசைகளுக்கு ஒரு கதை உண்டு. 1981-இல் வெளிவந்த ஐபிஎம் பி.சி.யை உருவாக்கிய குழுவில் இருந்த டேவிட் பிராட்லி என்ற பொறியாளர், ஒவ்வொரு சோதனைக்கும் கணினியை அணைத்து அணைத்து எழுப்ப வேண்டியிருந்ததால் இந்தக் குறுக்குவழியை எழுதினார். முதலில் கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் என்றுதான் வைத்தார். மூன்றும் இடது பக்கமே இருந்ததால் கை தவறிப் பட்டுவிடும் ஆபத்து இருந்தது. எனவே தூரத்தில் இருந்த டெலீட்டைச் சேர்த்து, இரண்டு கையும் வேண்டும் என்று ஆக்கினார். அன்றைக்கு அது எதையும் கேட்காமல் கணினியை மறுதொடக்கம் செய்துவிடும். விண்டோஸ் என்.டி. காலத்திலிருந்து அதன் பொருள் மாறிவிட்டது. இன்று இந்த மூன்றையும் எந்தச் சாதாரண நிரலும் இடைமறிக்க முடியாது. நேராக இயங்குதளத்தின் காவல் பகுதிக்கே போகும். அதனால்தான் மற்ற எல்லாம் செத்துக் கிடக்கும்போதும் ஒரு பட்டியல் திரை வந்து நிற்கிறது. அங்கிருந்து டாஸ்க் மேனேஜருக்குப் போகலாம், கணக்கிலிருந்து வெளியேறலாம், கீழ் மூலையில் உள்ள பவர் குறியைத் தொட்டு முறைப்படி மறுதொடக்கம் செய்யலாம். முறைப்படியானதும் நடக்கவில்லை என்றால், கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு அதே பவர் குறியை அழுத்துங்கள்; அவசர மறுதொடக்கம் என்று கேட்கும். சேமிக்காதது போய்விடும் என்று எச்சரிக்கும், அதையும் தெரிந்துகொண்டு சம்மதிக்க வேண்டும்.

திரை கறுத்துப்போய், ஆனால் பாட்டோ சத்தமோ மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் கோளாறு திரையை இயக்கும் டிரைவரில் இருக்கலாம். விண்டோஸ் 10, 11-இல் விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி அழுத்துங்கள். ஒரு பீப் சத்தம், ஒரு மினுக்கல், திரை திரும்பி வரலாம். திறந்திருந்த எதுவும் மூடாது. இவ்வளவு தீங்கில்லாத விசையை ஏன் யாருமே சொல்லித் தரவில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

இனி லினக்ஸ். நம் பக்கத்தில் யார் லினக்ஸ் வைத்திருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வாங்கிக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் வந்தது. பாஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடியாக வைத்து உருவாக்கியது. ராசிபுரத்திலும் சங்ககிரியிலும் எத்தனையோ வீடுகளில் அந்த மடிக்கணினி இன்னும் பரண்மேல் இருக்கிறது. சில வீடுகளில் தம்பி தங்கைகள் அதில் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸைப் போட்டு ஓட்டுகிறார்கள். பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலும் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே உபுண்டு பாடம் வந்தது. பழைய, ராம் குறைந்த கணினிகள்தான் அதிகம் உறையும். ஆகவே இந்த வித்தை அந்தப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் வேண்டும்.

லினக்ஸில் முதலில் கண்ட்ரோல் – ஆல்ட் – எஃப்3. வரைகலைத் திரையை விட்டு, எழுத்து மட்டும் உள்ள கறுப்புத் திரைக்குப் போகும். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போய், 'டாப்' கட்டளையால் எந்த நிரல் கணினியை மூச்சுத் திணற வைக்கிறது என்று பார்த்து, அதை மட்டும் நிறுத்தலாம். பழைய இடத்துக்குத் திரும்ப அதே விசைகளோடு எஃப்1, எஃப்2, எஃப்7 இவற்றில் ஒன்று.

அதுவும் நடக்காவிட்டால் கடைசிக் கதவு ஒன்று இருக்கிறது. உங்கள் விசைப்பலகையில் பிரிண்ட் ஸ்கிரீன் விசையைப் பாருங்கள். பலவற்றில் அதன் மேலோ கீழோ சின்னதாக 'சிஸ்ஆர்க்யூ' என்று அச்சிட்டிருக்கும். ஐபிஎம் 1984-இல் பி.சி. ஏ.டி. கணினியோடு கொண்டுவந்த விசை அது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலைத் தாண்டி, நேராக அடியில் இருக்கும் அமைப்போடு பேசுவதற்காக வைத்தது. பிறகு யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. லினக்ஸின் அடிப்பாகமான கெர்னலை எழுதியவர்கள் அதற்கு வேலை கொடுத்தார்கள். ஆல்ட்டையும் அந்த விசையையும் பிடித்துக்கொண்டு ஓர் எழுத்தைத் தட்டினால், நடுவில் யாரும் இல்லாமல் கெர்னலே அதைக் கேட்கும்.

தட்ட வேண்டிய எழுத்துகள் ஆறு: ஆர், இ, ஐ, எஸ், யு, பி. இந்த வரிசை மாறக் கூடாது.

ஆர், விசைப்பலகையை வரைகலைத் திரையின் பிடியிலிருந்து விடுவிக்கிறது. இ, ஓடுகிற எல்லா நிரல்களுக்கும் "வேலையை முடித்துக்கொண்டு கிளம்புங்கள்" என்று செய்தி அனுப்புகிறது. இங்கே பத்து நொடியாவது நில்லுங்கள். நல்ல நிரல்கள் கையில் இருப்பதை எழுதி முடிக்கும் நேரம் இது. அவசரப்பட்டால் இந்த எழுத்தைத் தட்டியதற்கே அர்த்தமில்லை. ஐ, அதற்கும் அசையாமல் உட்கார்ந்திருப்பவற்றைக் கேட்காமல் நிறுத்துகிறது. எஸ், ராமில் காத்திருக்கும் எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதச் சொல்கிறது. ட்ரேக்களை லாரியில் இறக்கி வைப்பது இந்த எழுத்துதான். டிஸ்க் விளக்கு ஓயும்வரை பொறுங்கள். யு, இனி யாரும் டிஸ்க்கில் எழுத முடியாதபடி படிக்க மட்டும் என்று மாற்றுகிறது, லாரியின் பின்கதவைச் சாத்துவது போல. பி, மறுதொடக்கம்.

பி மட்டும் தனியாக எதையும் எழுதாது, எதையும் கேட்காது, அந்த நொடியே கணினியைத் திரும்ப எழுப்பும். முன்னால் உள்ள ஐந்தை விட்டுவிட்டு நேராக அதைத் தட்டுவதும் ஒயரைப் பிடுங்குவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எல்லாக் கணினியிலும் ஆறும் வேலை செய்யாது. எந்த எழுத்துகளுக்கு அனுமதி என்று சொல்லும் எண் உபுண்டுவில் வழக்கமாக 176 என்று வைத்து வருகிறது. அது 128, 32, 16 ஆகிய மூன்றின் கூட்டல்: மறுதொடக்கம், படிக்க மட்டும், டிஸ்க்கில் எழுதுதல். அதாவது கடைசி மூன்று எழுத்துகளுக்கு மட்டும் அனுமதி. அந்த மூன்றுமே முறையாகத் தட்டினால் பெரும்பகுதி காப்பாற்றப்பட்டுவிடும். நிரல்களுக்குச் செய்தி அனுப்ப 64-உம், விசைப்பலகையை விடுவிக்க 4-உம் சேர்த்து எண்ணை 244 ஆக்கினால் ஆறும் வேலை செய்யும். கெர்னல் அமைப்புக் கோப்பில் இந்த ஓர் எண்ணை மாற்றுவது, லினக்ஸ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. பள்ளி ஆய்வகத்திலும் பிரவுசிங் சென்டரிலும் மாற்றாமல் விடுவதே நல்லது. அங்கே விசைப்பலகை யார் கையிலும் இருக்கலாம்.

எண்ணை மாற்றியவர்களுக்கு இன்னொரு எழுத்தும் கிடைக்கும்: எஃப். ராம் நிரம்பிக் கணினி திணறும்போது ஆல்ட், சிஸ்ஆர்க்யூவோடு எஃப் தட்டினால், அதிகம் விழுங்கிய நிரலைக் கெர்னல் தானே தேர்ந்து நிறுத்தும். மறுதொடக்கமே வேண்டியிருக்காது. பழைய மடிக்கணினிக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

மடிக்கணினியில் சிஸ்ஆர்க்யூ எஃப்.என். விசைக்குள் ஒளிந்திருந்தால், ஆல்ட்டைப் பிடித்து, எஃப்.என்.னோடு அதை அழுத்தி, எஃப்.என்.னை மட்டும் விட்டுவிட்டு எழுத்துகளைத் தட்டிப் பாருங்கள். மெனக்கெட்டு நல்ல நாளில் ஒரு முறை, எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பழகிக்கொள்வது நல்லது. உறைந்த நாளில் விரல் தடுமாறும்.

இவ்வளவுக்கும் அசையாவிட்டால் பவர் பட்டன். அதிலும் இரண்டு விதம் இருக்கிறது. சும்மா ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். அது இயங்குதளத்துக்கு ஒரு வேண்டுகோள்தான், கேட்கும் நிலையில் இருந்தால் மேசைக்கணினி முறைப்படி மூடிக்கொள்ளும். அப்போதும் இல்லை என்றால் மட்டும் நான்கு நொடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். சில கணினிகளில் பத்து நொடிகூட ஆகும். கருகல் வாசமோ புகையோ வந்தால் இந்த வரிசை எதுவும் வேண்டாம், உடனே சுவரில் உள்ள ஸ்விட்ச்.

திரும்ப எழுந்த பிறகு செய்வதும் முக்கியம். டிஸ்க்கைச் சரிபார்க்கிறேன் என்று கணினி சொன்னால் குறுக்கே எதையும் தட்டாமல் முடிக்க விடுங்கள். லிப்ரே ஆபீஸும் வேர்டும் மீட்டெடுத்த கோப்பு இருக்கிறது என்று காட்டினால், வேண்டாம் என்று தள்ளிவிடாதீர்கள். திறந்து, வேறு பெயரில் சேமித்து, பழையதோடு ஒப்பிடுங்கள். அவை வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் தானாகச் சேமிக்கும். அமைப்பில் போய் அதை இரண்டு நிமிடமாகக் குறைத்துவிடலாம். கணக்கு மென்பொருள் என்றால் அடுத்த பில் போடுவதற்கு முன் பென் டிரைவில் ஒரு பேக்கப்.

அடிக்கடி உறைகிறது என்றால் விசைகளை விட்டுவிட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டும். நம் ஊர்க் கணினிக்கு நம் ஊர்த் தொழிலே எதிரி. பள்ளிபாளையம், குமாரபாளையத்துத் தறிக்கூடங்களில் பஞ்சுத் துகள், ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலைகளில் மரவள்ளி மாவு, நாமக்கல்லில் தீவன ஆலையின் மக்காச்சோளத் தூசி. எல்லாம் புராசஸர் மேல் இருக்கும் விசிறியில் போய்ப் படியும். சேலத்துச் சித்திரை வெயிலில் அந்த விசிறி காற்று இழுக்காவிட்டால், புராசஸர் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், கடைசியில் நின்றுவிடும். தீவன ஆலையில் பெரிய மோட்டார் கிளம்பும்போது விழுகிற வோல்டேஜ் இன்னொரு காரணம். பேட்டரி செத்த யு.பி.எஸ். அதைத் தாங்காது. ராம் பட்டையின் தங்க முனைகளில் அழுக்குப் பிடிப்பதும் உண்டு. கரண்ட்டைத் துண்டித்துவிட்டுக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டினால் எத்தனையோ கணினி பிழைத்திருக்கிறது. டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் மட்டும் வேறு எதையும் செய்யாமல் முதலில் கோப்புகளை நகலெடுங்கள்.

அன்று லாரி கிளம்பிய பிறகு அந்த முட்டை ஆபீஸ் கணினியையும் திறந்தோம். விசிறியின் இறக்கைகளுக்கு நடுவே மஞ்சள் தூசி கம்பளிபோல் படிந்து கிடந்தது. தீவன ஆலையிலிருந்து புளோயரைக் கொண்டுவரச் சொல்லி, விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, வெளியே வாசலில் வைத்து ஊதினோம். திரும்ப மாட்டியபோது மணி எட்டு. அந்தப் பெண் பழைய முட்டை அட்டை ஒன்றைக் கிழித்து, கண்ட்ரோல் – ஷிஃப்ட் – எஸ்கேப் என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, மேசைக்கடியில் அந்த ஸ்விட்ச்சுக்கு நேர் மேலே ஒட்டிக்கொண்டிருந்தார்.